காற்றுத்தானே என்பவர்களுக்கு

"காற்றுத்தானே, எதைப் போட்டாலென்ன?" பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலிவான எயார் பில்டர் கேட்டு நிற்போரின் வாதம் இது. அவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். வெள்ளவத்தைக் காலி வீதியின் பஸ் புகையும், கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகள் கிளப்பும் புழுதியும் அந்தக் காற்றில்தான் கலந்துள்ளன.

வடிகட்டும் தாள் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. விளிம்பு பெட்டியில் இறுகப் பொருந்தவேண்டும். போலிகள் பெரும்பாலும் தோற்பது அங்கேதான். இடுக்கால் நுழையும் மணல்தூசி சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவித் தேய்க்கும். பழையதைக் காற்றடித்து மீண்டும் பூட்டுவதும் சிக்கனமன்று. அந்த அழுத்தம் கண்ணுக்குத் தெரியாமலே தாளைச் சேதப்படுத்தக்கூடும்.

2020 முதல் 2025 வரை தனியார் கார் இறக்குமதி முடங்கிக் கிடந்த நாடு இது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் வாழ்நாள் சேமிப்பு. அதைச் சிறுதொகைக்காகப் பணயம் வைப்பதா சிக்கனம்? சேசி இலக்கத்தைச் சொல்லி உரிய பாகத்தைக் கேளுங்கள். பழையதை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். விளிம்பு பொருந்தாவிடின், விலை எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுங்கள்.