நிலம் பொதுவானது, மன்றம்? ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் சொல்லும் உள்ளாட்சிப் பாடம்

2017ஆம் ஆண்டு மே 4 அன்று ஸ்காட்லாந்து முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. நாட்டின் வடமேற்குக் கடலில் நீண்டு கிடக்கும் மேற்குத் தீவுகளின் மன்றத்திற்கு 31 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த 31 பேரும் ஆண்கள். ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சி மன்றங்களில் ஒரு பெண்கூட இல்லாத மன்றம் அது ஒன்றுதான்.

பெண்கள் போட்டியிடக் கூடாது என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை. வாக்குச் சீட்டு பறிக்கப்படவில்லை, வன்முறை நிகழவில்லை. தேர்தல் முறை உலகின் நியாயமான முறைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. எனினும் மக்கள்தொகையில் பாதியாக இருப்போர் அவைக்கு வெளியே நின்றனர். தடை எதுவும் எழுதப்படாத இடத்தில் விலக்கல் எவ்வாறு நிகழ்கிறது? உள்ளாட்சி அதிகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் இக்கேள்வியைக் கடந்து செல்ல முடியாது.

நிலத்துக்காக நின்றவர்கள்

இத்தீவுகளின் அரசியலை நிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட், தென் யூயிஸ்ட், பாரா ஆகிய தீவுகள் தனிநபர்களின் பண்ணைச் சொத்துகளாக இருந்தன. ஆட்டு மந்தைகளுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதற்காகக் குடியானவர்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர். 1849இல் வட யூயிஸ்டின் சொல்லஸ் பகுதியில் குடும்பங்களை வெளியேற்ற வந்த காவலர்களைக் கல்லெறிந்து எதிர்த்தவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தனர். 1851இல் தென் யூயிஸ்ட், பாரா தீவுகளின் உரிமையாளர் கார்டன், நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்.

தொடர்ந்த கிளர்ச்சிகளின் விளைவாக 1886இல் நிறைவேறிய சட்டம், கிராஃப்ட் எனப்படும் சிறு நிலங்களை உழுதவர்களுக்கு வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு அளித்தது. நிலமற்றவர்களுக்கு அச்சட்டம் நிலம் தரவில்லை. ஆகவே பாராவையும் அதன் அண்டைத் தீவுகளையும் சேர்ந்த நிலமற்றோர் வாட்டர்சே தீவுக்குள் புகுந்து, குடிசை கட்டி, உருளைக்கிழங்கு பயிரிட்டனர். 1908இல் அவர்களுள் பத்துப் பேர் எடின்பரோவில் சிறையிலடைக்கப்பட்டனர். மறு ஆண்டே அரசு அத்தீவை வாங்கிப் பகிர்ந்தளிக்க நேர்ந்தது.

சன்லைட் சோப்பின் உரிமையாளராக உலகறிந்த லீவர்ஹியூம் பிரபு 1918இல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கினார். அவருடைய தொழில் திட்டங்கள் தோல்வியுற்றபின், 1923இல் ஸ்டோர்னோவே வட்டார நிலம் மக்கள் கைக்கு வந்தது. அந்நிலத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களை அங்கு வாழும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வட ஹாரிஸும், 2006இல் தென் யூயிஸ்டின் சுமார் 93,000 ஏக்கர் பண்ணையும் சமூக உடைமைகளாயின. இன்று இத்தீவுகளில் வாழ்வோரில் பெரும்பான்மையோர் சமூகத்துக்குச் சொந்தமான நிலத்தில் குடியிருக்கின்றனர். ஐரோப்பாவில் இதற்கு இணையான எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு.

தனி மன்றம், நல்ல விதிகள்

1975க்கு முன்பு இத்தீவுகளுக்குப் பொதுவான ஆட்சி மன்றம் இல்லை. லூயிஸ் ஒரு மாவட்டத்தின் கீழும் மற்றவை வேறொரு மாவட்டத்தின் கீழும் இருந்தன. கடல் கடந்து, டிங்வாலிலும் இன்வர்னெஸ்ஸிலும் அமர்ந்திருந்தவர்கள் தீவு மக்களின் பள்ளிகளையும் சாலைகளையும் தீர்மானித்தனர். 1975இல் ஸ்டோர்னோவேயைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மன்றம் உருவானது. அது தன் அலுவல்களில் கேலிக் மொழிக்கு இடமளித்தது. பின்னர் ‘கோர்லே நன் எலன் ஷியர்’ என்னும் கேலிக் பெயரையே தன் சட்டப்பூர்வப் பெயராகவும் ஆக்கிக்கொண்டது.

தேர்தல் விதிகளும் காலப்போக்கில் விரிவடைந்தன. 2007 முதல் ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள் உண்டு. மூன்று இடங்கள் கொண்ட வார்டில் நான்கில் ஒரு பங்கை விடச் சற்று மிகுதியான ஆதரவு பெற்றவர் வென்றுவிடுவார். தோற்றவரின் வாக்கும், வென்றவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த வாக்கும் அடுத்த விருப்பத்திற்கு மாற்றப்படுகின்றன. பெரும்பான்மையே எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்வதை இம்முறை தடுக்கிறது.

2015 முதல் 16 வயது நிரம்பியோர் வாக்களிக்கலாம். 2020இல் நிறைவேறிய சட்டத்தால், ஏதிலியராக ஏற்கப்பட்டோர் உட்பட, சட்டப்படி வாழும் வெளிநாட்டவருக்கும் உள்ளாட்சியில் வாக்குரிமை கிடைத்தது. பல தலைமுறைகளாக வாழும் தெற்காசியக் குடும்பங்களும், போரிலிருந்து தப்பி வந்த சிரியக் குடும்பங்களும் உள்ள ஸ்டோர்னோவேயில் இது ஏட்டளவிலான உரிமை அன்று.

2018இல் தீவுகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதுவரை ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று அல்லது நான்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பாரா தீவு, நடுவே கடல் கிடக்கத் தென் யூயிஸ்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. புதிய சட்டம் சிறிய வார்டுகளை அனுமதித்ததால், 2022 தேர்தலில் பாராவும் வாட்டர்சேயும் சேர்ந்து இரு உறுப்பினர் கொண்ட தனி வார்டாயின. மன்றம் 11 வார்டுகளும் 29 உறுப்பினர்களும் கொண்டதாக மாறியது.

கட்சி இல்லாத அரசியல்

இவ்வளவு விதிகள் இருந்தும் 2017இன் முடிவு ஏன் அப்படி அமைந்தது? விடையின் முதற்பகுதி, கட்சிகளின் இன்மையில் இருக்கிறது.

மேற்குத் தீவுகள், ஆர்க்னி, ஷெட்லாந்து ஆகிய மூன்று தீவு மன்றங்களிலும் சுயேச்சைகளே நெடுங்காலமாக மிகுதி. கட்சிச் சண்டை ஊருக்கு ஆகாது, ஊரறிந்த நல்ல மனிதர் போதும் என்பதே அங்கு நிலவும் எண்ணம். தலைமையின் கட்டளைக்குப் பணியாமல் தம் மக்களுக்காகப் பேசும் உறுப்பினர் நிச்சயமாக மதிப்புக்குரியவர். ஆனால் இம்முறைக்கு வேறொரு பக்கமும் உண்டு.

பிரிட்டனில் உள்ளாட்சிக்குப் பெண்களுக்கான இட ஒதுக்கீடு இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களை மட்டுமே கொண்ட வேட்பாளர் தேர்வுப் பட்டியலைக் கட்சிகள் தயாரிக்க அனுமதிக்கிறது. அது கட்சிகளுக்கு அளிக்கப்பட்ட கருவி. சுயேச்சைகளின் மன்றத்தில் அதைக் கையிலெடுக்க யாரும் இல்லை. 2018இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், அரசு அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் நியமன உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற இலக்கைச் சட்டமாக்கியது. தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆக, சமத்துவத்திற்கென இயற்றப்பட்ட இரு சட்டங்களும் இந்த மன்றத்தின் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டன.

கட்சி இல்லாத இடத்தில் ‘ஊரறிந்தவர்’ என்ற தகுதியை யார் வழங்குகிறார்? தேவாலயம், மேய்ச்சல் நிலக் குழு, வணிகம், குடும்பப் பெயர் ஆகியவை வழங்குகின்றன. இவற்றில் பலவும் ஆண்களின் தலைமையில் வளர்ந்தவை. மெக்லியட், மெக்டோனல்ட், மாரிசன் என ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலர் அகர வரிசையில் நிற்கும் வாக்குச் சீட்டில், கொள்கை அறிக்கையை விட அறிமுகமே பெரிதாக எடைபோடப்படும். புதிதாக வந்தவருக்கும், பொது இடத்தில் பேசிப் பழகும் வாய்ப்பே பெறாதவருக்கும் அந்த அறிமுகம் எளிதில் வாய்ப்பதில்லை.

பொறுப்புக்கூறலும் இதில் அடங்கியுள்ளது. 1991இல் பி.சி.சி.ஐ. வங்கி வீழ்ந்தபோது, இம்மன்றம் அதில் இட்டிருந்த 2.3 கோடி பவுண்டு பணத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு சிறு தீவுச் சமூகத்துக்கு அது பேரிடி. எதிர்க்கட்சி என்ற ஒன்று இருந்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது என்று உறுதியாகக் கூற முடியாது. ஆயினும் கேள்வி கேட்பதையே கடமையாகக் கொண்ட அணி இல்லாத அவையில், இணக்கம் எளிதில் மௌனமாகிவிடும் ஆபத்து உண்டு.

தூரமும் நேரமும்

விடையின் இரண்டாம் பகுதி, அன்றாட வாழ்வில் இருக்கிறது. பாராவிலிருந்து ஸ்டோர்னோவேக்குத் தரைவழியே செல்ல இரண்டு கடல் பயணங்களும் நீண்ட சாலைப் பயணமும் தேவை. காற்று வலுத்தால் படகு நிற்கும். பாராவின் விமானம் கடற்கரை மணலில் இறங்குவது. அலை ஏற்றத்தைப் பார்த்துத்தான் அதன் நேரமே அமையும். ஒரு கூட்டத்துக்காக வீட்டை விட்டுப் புறப்படுபவர் அன்றே திரும்புவது உறுதியில்லை. சிறு குழந்தையையோ முதிய பெற்றோரையோ பார்த்துக்கொள்பவர் எவ்வாறு போவார்? உறுப்பினரின் ஊதியம் பகுதிநேரப் பணிக்குரியது. பணியோ பெரும்பாலும் முழுநேரத்தை விழுங்குவது. ஓய்வூதியமோ சொந்தத் தொழிலோ உள்ளவர் தாங்குவார். கூலிவேலை செய்பவரும் பராமரிப்புப் பொறுப்புள்ளவரும் தாங்கமாட்டார். காணொளிவழிக் கூட்டங்கள் இச்சுமையை ஓரளவு குறைத்துள்ளன, நீக்கிவிடவில்லை.

இதன் விளைவு சாதாரணமானது அன்று. ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 1,140 மணிநேர இலவசப் பராமரிப்புக் கல்வி வழங்கும் பொறுப்பு 2021 ஆகஸ்ட் முதல் மன்றங்களுடையது. அதற்கான ஆயத்தங்கள் நடந்த ஆண்டுகளில் மேற்குத் தீவுகளின் மன்றத்துக்கு 2017இல் தேர்வானோரில் தாய் ஒருவர்கூட இல்லை. முதியோர் பராமரிப்பு, சிறு பள்ளிகளின் எதிர்காலம், கேலிக் வழிக் கல்வி ஆகியவையும் இதே மேசைக்குத்தான் வருகின்றன. தீவுகளின் மக்கள்தொகை சுமார் 26,000. அது குறைந்தும் முதுமையடைந்தும் வருகிறது. கேலிக் பேசுவோர் 2011இல் பாதிக்குச் சற்று மேல் இருந்தனர். 2022 கணக்கெடுப்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனர். இளம் பெண்கள் தங்கி வாழ விரும்பாத தீவில் மொழியும் தங்காது, பள்ளியும் தங்காது.

2022இல் பெண்கள் மீண்டும் அவைக்குள் நுழைந்தனர். எனினும் அவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதே தேர்தலில் ஸ்காட்லாந்தின் தீவுப் பகுதி வார்டுகள் சிலவற்றில் இடங்களுக்கு மிகுதியாக வேட்பாளர்கள் இல்லாமையால் வாக்குப்பதிவே நடைபெறவில்லை. 16 வயதில் கிடைத்த வாக்குரிமை, அத்தகைய வார்டில் பயன்படுத்த வழியின்றிக் கிடந்தது.

2027ஐ நோக்கி

‘நாங்கள் சிறிய சமூகம், எல்லோரும் ஒருவரையொருவர் அறிவோம், இங்கே பாகுபாடு இல்லை’ என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. ஊர் ஒன்றே என்ற சொல் உள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வைப் பேசவிடாமல் செய்யும்போது, அது ஏற்கெனவே அமர்ந்திருப்பவருக்கே துணை போகிறது. சொல்லஸில் கல்லெறிந்த பெண்களும் வாட்டர்சேயில் குடிசை கட்டிய நிலமற்றோரும் அந்தச் சமூகத்தவரே. நிலம் தானாக வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

செய்ய வேண்டியவை வெளிப்படையானவை: வாழத்தக்க ஊதியம், பராமரிப்புச் செலவுக்கு ஈடு, பயணமின்றிப் பங்கேற்கும் உரிமை, சுயேச்சைகளுக்கும் பொருந்தக்கூடிய பிரதிநிதித்துவ ஏற்பாடு. இவற்றுள் இறுதியானதே கடினமானது. கட்சிகளை மட்டுமே கருத்தில் கொண்டு எழுதப்பட்ட சமத்துவச் சட்டத்தை, கட்சி இல்லாத ஊர்களுக்கு ஏற்ப எவ்வாறு மாற்றுவது என்பதை ஸ்காட்லாந்து இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்த தேர்தல் 2027 மே மாதத்தில் வருகிறது. அப்போது முடிவுகள் வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பே வெளியாகும் வேட்பாளர் பட்டியலைப் படித்தாலே போதும். யார் நின்றார்கள், யாரால் நிற்க முடியவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.