சத்தம் போடாதே, எலியைப் பிடி!

நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு முறை விளைகிறது. புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. உழுகிறவர் விவசாயி. விதைக்கிறவரும் விவசாயி. ஆனால் முதலில் அறுக்கிறவர் யார் தெரியுமா?

எலி!

நாம் அரிவாளைத் தீட்டுவதற்கு முன்பே அது அறுவடையைத் தொடங்கிவிடுகிறது. ராத்திரியில் வருகிறது. நெல் தூரைச் சாய்வாக வெட்டுகிறது. கதிரை இழுத்துக்கொண்டு வளைக்குள் போகிறது. தின்றது போக மீதியைச் சேர்த்து வைக்கிறது. வரப்பு எலியின் வளையைத் தோண்டினால், உள்ளே கதிர் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அது யாருடைய வீட்டுச் சோறு? நம் பிள்ளைகளின் சோறு அல்லவா?

வயிறு நிறைந்தாலும் எலி கடிப்பதை நிறுத்தாது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்த்தால்தான் அவை அளவாக இருக்கும். பெருகும் வேகமும் பெரிது. மூன்று வாரச் சினை. ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள். சில மாதங்களில் அந்தக் குட்டிகளும் குட்டி போடும்.

துப்பாக்கி வாங்கலாமா?

"ஏன் அண்ணாச்சி, ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன? சத்தமும் இல்லை, லைசென்சும் வேண்டாம். இருந்த இடத்தில் இருந்து சுட்டுத் தள்ளலாமே?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவை இல்லை. இது 2016-ம் ஆண்டு ஆயுத விதி. அதற்கு மேல் போனால் லைசென்ஸ் வேண்டும். வெடித் துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்க ஒரு கருவி மாட்டலாமா? கூடாது! 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்தக் கருவியையே ஒரு துப்பாக்கியாகக் கணக்கில் வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் குற்றம்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால், எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தம் அல்ல. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்றால் கொல்லுவது மட்டும் அல்ல. காயப்படுத்துவதும், கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், பறவையின் முட்டையை எடுப்பதும்கூட வேட்டைதான். காக்கை, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர் என்று சொன்ன ஒரு பட்டியல் முன்பு இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டுவிட்டது. எதையாவது தீங்குயிர் என்று சொல்ல வேண்டுமானால், இனி மத்திய அரசு தனியாக அறிவிக்க வேண்டும்.

வயலை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட விவசாயி தானே சுட முடியாது. வனத்துறையினர்தான் சுடலாம். 2025-ல் தமிழக அரசு வகுத்த முறையும் இதுதான்.

ஆகவே மயிலையும் கொக்கையும் நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறவன் விவசாயத்தைக் காப்பவன் அல்ல. வழக்கில் மாட்டிக்கொள்ளப் போகிறவன்! அதிலும் சுசீந்திரம்-தேரூர் குளங்களும், வேம்பனூர்க் குளமும் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றவை. உலகம் மதிக்கும் ஈரநிலங்கள் அவை. கடல் கடந்து வரும் பறவைகள் தங்கும் இடத்தில் வேட்டை விளையாட்டு வேண்டாம்.

சரி, எலியையே சுட்டால்தான் என்ன? எலி வெளியே வருவது இருட்டில். அது பதுங்குவது பயிருக்குள். விடிய விடியக் காத்திருந்தாலும் எத்தனை எலியைச் சுட முடியும்? ஒன்றைச் சுடுவதற்குள் வளையில் எட்டுப் பிறந்துவிடும். குறி தவறிய குண்டோ வரப்பில் நடந்து வருகிறவர் மேல் பாயும்.

கூலி கேட்காத காவல்காரன்

சத்தம் இல்லாத வேட்டைக்காரன் ஒருவன் நம் ஊரிலேயே இருக்கிறான். அவன் பெயர் கூகை. சில ஊர்களில் சாக்குருவி என்பார்கள். அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று பயந்து கல்லை விட்டு எறிவார்கள். பாவம், அது சாவைக் கொண்டு வருவது எலிக்கு மட்டும்தான்!

கூகையின் சிறகு ஓரம் பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும். பறந்தால் சத்தம் கேட்காது. அதன் வட்ட முகம் ஒலியை வாங்கிக் காதுக்கு அனுப்பும். கும்மிருட்டிலும், ஓசையை மட்டும் வைத்து எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். எலியை அப்படியே விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டையைப் பிரித்து மண்டை ஓடுகளை எண்ணினால், அது தின்ற எலிகளின் கணக்குக் கிடைக்கும்.

இஸ்ரேல் நாட்டு விவசாயிகள் 1983 முதல் வயல்களில் கூகைக்குக் கூடு வைத்து வருகிறார்கள். பக்கத்து நாடான ஜோர்டானும் 2002-ல் இதில் சேர்ந்துகொண்டது. இரண்டு நாடுகளுக்கும் இடையே எத்தனையோ மனக்கசப்பு உண்டு. ஆனால் கூகை எல்லை பார்ப்பது இல்லை. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் கூகைப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். கம்பின் தலையில் ஒரு குறுக்குக் கட்டை அடித்து, வயலில் நட்டு வையுங்கள். ஏக்கருக்கு 15 அல்லது 20 போதும். ராத்திரியில் கூகை வந்து உட்காரும். பழைய மரப் பொந்தை அடைக்காதீர்கள். கூகை சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சாரைப்பாம்பையும் அடிக்காதீர்கள். அதற்கு விஷம் இல்லை. எலிதான் அதற்கு விருந்து.

வில் வளைத்த தஞ்சாவூர்

அடுத்தது பொறி. தஞ்சாவூர்ப் பக்கம் "கிட்டி" என்று ஒன்று உண்டு. மூங்கிலை வளைத்துக் கட்டிய சிறிய வில் அது. நடுவில் இரை இருக்கும். எலி இரையைத் தொட்டதும் வில் நிமிரும், கயிறு இறுகும். ஒரு நொடியில் வேலை முடிந்தது. சத்தம் இல்லை, மருந்துச் செலவும் இல்லை. மாலையில் வைத்து, காலையில் எடுக்க வேண்டும். ஏக்கருக்கு 40 கிட்டி வைக்கலாம். மூங்கில் நம் மாவட்டத்திலும் கிடைக்கிறது. கை வேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சம் இல்லை. நம் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டால் என்ன?

வளைக்குள் புகை போடுவது மற்றொரு வழி. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மண் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். வளையில் கிடைக்கும் நெல்லும் அவர்களுக்கு உணவு. ஆனால் அந்தப் புகை அவர்கள் உதட்டைச் சுட்டது, நெஞ்சைக் கெடுத்தது. கையால் சுற்றும் இரும்புப் புகைப்பெட்டி பிறகு வந்தது. அதை அவர்கள் கையில் கொண்டு சேர்க்கும் திட்டம் 2003-ல் உலக வங்கியின் பரிசுத் தொகையைப் பெற்றது. எலி பிடிப்பது இழிவான வேலை அல்ல. தெரிந்தவர்கள் செய்கிற தொழில். அதைச் செய்கிறவருக்கு ஊர் நியாயமான கூலியும் மரியாதையும் கொடுக்க வேண்டும்.

தென்னந்தோப்புக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. மரத்தில் சுமார் 2 மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைச் சுற்றி அடியுங்கள். எலி வழுக்கி விழும், இளங்காய் பிழைக்கும். ஒரு மரத்து ஓலை அடுத்த மரத்தைத் தொட்டால் மட்டும், எலி அந்தப் பாலத்தில் நடந்து வந்துவிடும்.

இவை வேண்டவே வேண்டாம்

வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுக்காதீர்கள். பன்றிக்கும் எலிக்கும் என்று இழுத்த கம்பியில் மனிதர்கள் செத்துக் கிடந்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தண்ணீர் பாய்ச்சப் போன தகப்பன் திரும்பி வராவிட்டால், மிஞ்சிய நெல் யாருக்கு?

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டுப் பக்கமே சேர்க்காதீர்கள். அது ஈரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தமிழக அரசு அதற்குத் தடை விதித்திருக்கிறது. மற்ற விஷ மருந்துகளையும் வேளாண்மைத் துறையினரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைப் பிடிக்க முடியுமா?

இன்னொரு எச்சரிக்கை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள். செத்த எலியை வெறும் கையால் தொடாதீர்கள். காய்ச்சலும் தசை வலியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊர் கூடினால்!

இத்தனை வழி இருந்தும் எலி ஏன் ஒழியவில்லை? நாம் தனித்தனியாகப் பிடிக்கிறோம். அதுதான் காரணம்.

இன்று என் வயலில் பொறி வைத்தால், எலி உன் வயலுக்குப் போகும். நாளை நீ புகை போட்டால், அது என் வயலுக்கு வரும். நிலத்துக்குப் பட்டா உண்டு. எலிக்குப் பட்டா தெரியாது!

கும்பப்பூ அறுப்பு முடிந்து, கன்னிப்பூ தொடங்கும் முன் வயல் காய்ந்து கிடக்கும். பங்குனி, சித்திரை மாதங்கள் அவை. அப்போது தீனி குறைவு. வளை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த நாட்களில் ஒரே வாரத்தை ஊர் குறித்துக்கொள்ள வேண்டும். ஏலா முழுவதும் ஒன்றாக இறங்க வேண்டும். வளைகளை வெட்டி மூட வேண்டும். வரப்பைச் சிறிதாக்க வேண்டும். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். பெரிய வரப்பு எலிக்கு மாளிகை! கிட்டி வைப்பதும் அதே வாரத்தில் நடக்கட்டும். பாசனச் சங்கம் முன்னால் நிற்கட்டும். எலி பிடிப்பவருக்கு உரிய கூலியை, நிலத்துக்கு ஏற்றபடி எல்லாரும் பகிர்ந்து கொடுக்கட்டும்.

மடையைத் திறக்க ஊர் கூடுகிறது. கோயில் கொடை நடத்த ஊர் கூடுகிறது. விளைந்த நெல்லைக் காப்பாற்ற ஒரு வாரம் கூட முடியாதா?

முடியும். துப்பாக்கியை நம்பாதீர்கள். பக்கத்து வயல்காரரை நம்புங்கள். வருகிற பங்குனியில் அவரோடு சேர்ந்து வரப்பில் இறங்குங்கள்!