விதையின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது

தக்காளியெல்லாம் ஒரே அளவில் உருண்டு திரண்டிருந்தால் அது மரபணு மாற்றியது. திராட்சையில் விதை இல்லையென்றால் மரபணு மாற்றியது. பப்பாளி உள்ளே செக்கச் செவேலென்று இருந்தால் அதுவும் அப்படித்தான். அணுபுரம் குடியிருப்பிலும் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவிலும் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க நிலவும் தீர்ப்பு இது. படித்தவர்களிடம் இதே நம்பிக்கை வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. விதையைச் சிறப்புக் கேமராவால் படம் பிடித்து, இயந்திரக் கற்றல் நிரலிடம் கொடுத்தால் போதும், மரபணு மாற்றிய விதை எது, மாற்றாத விதை எது என்று நொடியில் பிரித்துவிடும் என்கிறார்கள். காய்கறிக் கடையில் சொல்வதும் கணினித் திரையில் சொல்வதும் அடிப்படையில் ஒன்றே: மரபணுவில் செய்த மாற்றம் தோற்றத்தில் தெரிந்துவிடும் என்பது. இது தவறு. வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது, விவசாயியின் தலையில் விடியக்கூடிய தவறு.

முதலில் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். விதையில்லாத் திராட்சை மரபணுப் பொறியியல் பிறப்பதற்கு வெகு முன்பே, கொடியின் துண்டை நட்டு நட்டுப் பெருக்கிய பயிர். விதையில்லாத் தர்பூசணி, குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபட்ட இரண்டு செடிகளைக் கலந்து பெறுவது. பலரும் சந்தேகிக்கும் 'ரெட் லேடி' பப்பாளி தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு ரகம். அணுசக்தித் துறை ஊழியர்கள் வாழும் அணுபுரத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. அதே துறையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சால் விதைகளில் திடீர் மாற்றங்களைத் தூண்டி, அவற்றிலிருந்து 60க்கும் மேற்பட்ட பயிர் ரகங்களை உருவாக்கியிருக்கிறது. 1973இல் வெளியான டி.ஜி.1 நிலக்கடலையின் பருப்பு கண்ணுக்கே பெரிதாகத் தெரியும். மரபணு மாறியது உண்மை. ஆனால் சட்டப்படி அது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. ஆக, கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் நாம் தேடும் பொருள் இல்லை.

மறுபக்கத்தில், நாம் தேடும் பொருள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. காய்ப்புழுவை எதிர்க்கும் மரபணு சேர்த்த பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது 2002 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் 'நவபாரத் 151' என்ற பெயரில், சாதாரண வீரிய ஒட்டு ரகம் போல விற்கப்பட்ட பருத்தி பல்லாயிரம் ஏக்கரில் பி.டி. மரபணுவோடு நின்றது. விதையைக் கையில் வாங்கிப் பார்த்த எவருக்கும் அது தெரியவில்லை. மற்ற வயல்களைக் காய்ப்புழு அழித்த பருவத்தில் இந்த வயல்கள் மட்டும் தப்பியதால்தான் சந்தேகம் எழுந்தது. அதை உறுதி செய்தது ஆய்வகச் சோதனை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. ஒன்பது ஆண்டு கழித்து ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் பி.டி. கத்தரி பயிராகியிருப்பது வெளிவந்தது. அங்கும் காய் வழக்கமான கத்தரிக்காயாகத்தான் இருந்தது, காட்டிக்கொடுத்தது பரிசோதனைதான்.

"மனிதக் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுமே" என்பார்கள். நியாயமான மறுப்பு. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளி விதைக்குள் சற்று ஊடுருவித் திரும்பும்போது நீர், எண்ணெய், புரதம், மாவுச்சத்து பற்றிய தகவலைக் கொண்டுவருகிறது. 2001லேயே அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இந்த ஒளியைக் கொண்டு, களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவைச் சாதாரண சோயாவிலிருந்து சுமார் 93 விழுக்காடு சரியாகப் பிரித்தார்கள். அந்தச் சாதனையை மறுக்க வேண்டியதில்லை. கருவி எதைப் பார்த்துப் பிரித்தது என்பதுதான் கேள்வி. சோயாவில் சுமார் 46 ஆயிரம் மரபணுக்கள் உண்டு. அவற்றோடு சேர்ந்த ஒரே ஒரு மரபணுவையோ, அது உண்டாக்கும் மிகச் சொற்ப அளவு நொதியையோ அந்த ஒளி நேரடியாகப் படிப்பதில்லை. மரபணு மாற்றிய மூட்டைகள் சில ரகங்களிலிருந்தும், மாற்றாதவை வேறு ரகங்களிலிருந்தும் வந்திருந்தால், கற்றல் நிரல் ரக வேறுபாட்டையே கற்றுக்கொள்ளும். மண், மழை, அறுவடைக் காலம், கிடங்கின் ஈரம் எல்லாமே அதற்குப் பாடம்தான். மதுராந்தகத்து ஏரிப்பாசனத்தில் விளைந்த ஒரு ரகத்துக்கும் வானம் பார்த்த நிலத்தில் விளைந்த அதே ரகத்துக்கும் உள்ள வேறுபாடு, மரபணு மாற்றத்தின் சாயலைவிடப் பெரிதாக இருக்கலாம். போதாக்குறைக்கு, பருத்தி விதை கடைக்கு வரும்போதே பூச்சிமருந்தும் சாயமும் பூசப்பட்டிருக்கும். கேமரா அந்தச் சாயத்தையும் சேர்த்தே பார்க்கிறது.

துல்லியம் கூடிக்கொண்டே போகிறதே என்பது அடுத்த வாதம். கூடட்டும்; கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் இட்ட ஆணைப்படி, இறக்குமதியாகும் குறிப்பிட்ட பயிர்களில் மரபணு மாற்றிய கலப்பு ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எல்லையில் நிற்கும் பத்தாயிரம் விதைகளில் மரபணு மாற்றியவை 100. கருவி 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நூறில் 99ஐப் பிடிக்கும். மீதி 9,900 நல்ல விதைகளில் 99ஐத் தவறாகக் குற்றம் சாட்டும். அதாவது அது கைகாட்டுவதில் சரிபாதி பொய். துல்லியம் 93 என்று இறங்கினால், மரபணு மாற்றிய 93 விதைகளோடு 693 நிரபராதிகளும் மாட்டும். ஆய்வுக்கூடத்தில் இரு வகையையும் பாதிக்குப் பாதி எடுத்துச் சோதிப்பதால் இந்தக் கோளாறு அங்கே தெரிவதில்லை. சந்தைக்கு வரும்போதுதான் தெரியும்.

ஆய்வகச் சோதனை தாமதமாகும், செலவாகும், கிராமத்துக்கு எட்டாது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்கும் கேமராவுக்கும் இடையே வேறு எதுவுமே இல்லை என்பது சரியல்ல. விதையை அரைத்து நீரில் கரைத்து, ஒரு பட்டையை அதில் நனைத்தால் சில நிமிடங்களில் பி.டி. புரதம் இருக்கிறதா என்று தெரியும். நீர்த்த களைக்கொல்லியில் முளைக்கவைத்தால் அதைத் தாங்கும் விதை தன்னைக் காட்டிக்கொள்ளும். இவை தேடும் பண்பையே கேட்கின்றன. கேமரா அதன் சாயலைக் கேட்கிறது. கேமராவுக்கு வேறு நல்ல வேலைகள் உண்டு: உடைந்த விதை, பூச்சி துளைத்த விதை, பூஞ்சை பிடித்தது, களைவிதைக் கலப்பு ஆகியவற்றைப் பிரிக்கலாம், ஆயிரம் மூட்டையில் எவற்றை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வரிசைப்படுத்தலாம். அதற்குமேல் அதன் சொல்லுக்கு மதிப்பில்லை.

இனி வருவது இன்னும் கடினம். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் 'கமலா', பி.பி.டி. 5204 என்று நம் விவசாயிகளும் அறிந்த சம்பா மசூரியிலிருந்து வந்தது. இத்தகைய ரகத்தில் வெளி மரபணு எதுவும் தங்குவதில்லை. மரபணு மாற்றுப் பயிர்களைத் தேட ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சோதனைகளுக்கே அது சிக்காது. அங்கே நம்மிடம் மிஞ்சுவது விதை எங்கிருந்து, யார் கைவழியே வந்தது என்ற பதிவேடு மட்டும்தான்.

மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்ப்பவர்கள் இப்படிப்பட்ட கருவியை வரவேற்பது புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிற்காத சான்று, விதிமீறியவனுக்கே கேடயமாகும். கடைசியில் அடிபடுவது குற்றமற்ற விவசாயி. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி விற்பனை சரிந்தபோது, சிவப்பைக் கண்டு சந்தேகித்தவர்கள் நட்டப்படவில்லை, விளைவித்தவர்களே நட்டப்பட்டார்கள். எனவே கருவி விற்க வருகிறவரிடம் அரசு கேட்க வேண்டியது இது: பயிற்சியில் காட்டாத ரகத்தில், காட்டாத பருவத்தில், அந்த ஒரு மரபணு தவிர மற்றெல்லாம் ஒத்த விதைகளை அருகருகே வைத்துப் பிரித்துக் காட்ட முடியுமா? முடியாதவரை, கேமரா சுட்டிய ஒரு மூட்டையையும் ஆய்வக முடிவு இல்லாமல் நிராகரிக்கக் கூடாது. கேமரா விட்டுவிட்ட ஒரு மூட்டைக்கும் மரபணு மாற்றாதது என்று சான்றிதழ் தரக் கூடாது.