ஓராண்டுத் தலைமையும் ஊர்ப்பணியும்

பொத்தேரியில் நெடுஞ்சாலையோரம், பேருந்துக்காக மக்கள் நிற்குமிடத்தில், சிமெண்டால் கட்டிய குடிநீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் முகப்பில் பளிங்குக்கல் பதித்துத் தொண்டுக் கழகம் ஒன்றின் பெயரையும், அவ்வாண்டின் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களையும், திறந்து வைத்த பெருமகனாரின் பட்டங்களையும் பொன்னிற எழுத்துகளில் பொறித்துள்ளனர். எழுத்து இன்றளவும் மங்கவில்லை. குழாய் மட்டும் இல்லை. தொட்டியினுள் சருகும் பழைய பயணச்சீட்டுகளும் கிடக்கின்றன. கல்வெட்டைப் படிப்பது தமிழாசிரியர்க்குத் தொழில். ஆதலின் மின்தொடர் வண்டியைப் பிடிக்கச் செல்லும் வழியில் பன்முறை நின்று அதனைப் படித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் அதே கழகத்தார் தம் புதிய பொறுப்பாளர்களின் பதவியேற்பு விழாவில் வாழ்த்துரை வழங்குமாறு என்னை அழைத்திருந்தனர். மண்டபம் நிறைந்திருந்தது. விடைபெறும் தலைவர் தம் கழுத்திலிருந்த பதக்கப் பட்டையைக் கழற்றிப் புதியவர்க்கு அணிவித்தார், கைதட்டல் எழுந்தது. புதிய தலைவர் அவ்வாண்டின் பணித்திட்டங்களை அறிவித்தார். கண் மருத்துவ முகாம், குருதிக்கொடை முகாம், மரக்கன்று நடுதல், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுகள் என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், நிறைவாக, கோடையில் பயணிகளின் தாகம் தீர்க்கப் பொத்தேரியில் குடிநீர்த் தொட்டி ஒன்று அமைக்கப்படும் என்றார். எனக்குத் துணுக்கென்றது. பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த உறுப்பினரிடம் பழைய தொட்டியைப் பற்றி மெல்லக் கேட்டேன். "அது வேறு தலைவர் காலத்தில் கட்டியதுங்க, ஐயா" என்றார் அவர்.

அந்த விடையில் கள்ளம் ஏதுமில்லை. அம்மண்டபத்தில் இருந்தோர் தம் கைப்பொருளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஊருக்கென ஒதுக்குவோர். வணிகர், மருத்துவர், பள்ளித் தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் எனப் பலதிறத்தார் ஒருவரை ஒருவர் மதித்து ஒன்றுகூடுவதே இக்காலத்தில் அரிய செயலாகும். குறை அவர்கள் நெஞ்சில் இல்லை. தலைமையைக் கைமாற்றும் முறையில்தான் உள்ளது என்பது என் கருத்து.

நாமறிந்த தொண்டுக் கழகங்களுள் பெரியவை இரண்டும் அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் பிறந்தவை. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் கூடியமர்ந்து தொடங்கியதே ரோட்டரி சங்கம். உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால் அப்பெயர் ஏற்பட்டது. மெல்வின் ஜோன்ஸ் 1917இல் தொடங்கியது அரிமா சங்கம். ரோட்டரி 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் கால்கொண்டது. அதன் தலைமை விதி எளியது. ஜூலை முதல் நாள் பொறுப்பேற்பவர் மறு ஆண்டு ஜூன் முப்பதாம் நாள் இறங்கிவிட வேண்டும். சிற்றூர்க் கழகத்தின் தலைவருக்கும் சரி, உலகத் தலைவருக்கும் சரி, ஓராண்டே.

இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. நாற்காலியோடு எவரும் ஒட்டிக்கொள்வதில்லை. கடை நடத்தும் எளியவரும் ஓராண்டு தலைமை தாங்கிப் பேசவும், கணக்குக் காட்டவும், மாறுபட்ட கருத்துடையாரை இணக்கவும் கற்றுக்கொள்கிறார். ஆயினும் ஓராண்டென்பது மிகக் குறுகியது. ஜூலை, ஆகஸ்டு விழாக்களில் கழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழியும். மார்ச்சு கணக்கு முடிப்பதிலும் பிள்ளைகள் தேர்விலும் போகும். மே மாதத்தில் அடுத்தவர்க்கு மாலை வாங்கும் பேச்சு எழுந்துவிடும். இதற்கிடையே தம் பெயர் விளங்க ஒன்று செய்ய வேண்டுமாயின் புதியதாகத் தொடங்குவதே எளிய வழி. பழைய தொட்டிக்குக் குழாய் மாட்டியவருக்கு எவர் கல்வெட்டு வைப்பர்?

ஓராண்டுத் தலைமை மேனாட்டிலிருந்து வந்த புதுமை எனக் கருதுவோர் உளர். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூருக்குச் சென்று பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் தேர்தல் முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டோர் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பணியாற்றினர். பதவிக்காலம் 360 நாள். முன் மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர்.

இதனை மக்களாட்சியின் முழுவடிவமாகக் கொண்டாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்தம் சபை அது. உழுதவருக்கும் பெண்டிருக்கும் அங்கு இடமில்லை. எனினும் நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்று அதிலுண்டு. ஏரி வாரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மாறினர், ஏரி மாறவில்லை. புதியவர் வந்ததும் புதிய ஏரி வெட்ட முனையவில்லை. இருந்த ஏரியின் கரையையும் மதகையும் காப்பதே அவர்க்கிட்ட பணி. ஏரிகளின் மாவட்டம் எனப் பெயர்பெற்ற செங்கற்பட்டில், பெயரின் ஈற்றிலேயே ஏரியைச் சுமந்து நிற்கும் பொத்தேரியில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் செல்வரின் கொடைக்கு எடுத்துக்காட்டியவையும் ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்து மரம் என்பனவே. மூன்றும் நின்று பயன் தருவன. விழா முடிந்ததும் வற்றுவன அல்ல.

ஓராண்டுத் தலைமையைக் கொண்டே நெடும்பணியை முடிக்கவியலும் என்பதற்கு ரோட்டரி இயக்கமே தலைசிறந்த சான்று. இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவை உலகினின்று ஒழிக்கும் திட்டத்தை அவ்வியக்கம் 1985இல் தொடங்கியது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணியவர்கள் 1988க்குள் அதைப்போல் இருமடங்குக்கு மேல் திரட்டினர். அவ்வாண்டு உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃபும் இணைந்தன. அந்நாளில் 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் குழந்தைகள் அந்நோய்க்கு ஆளாயினர். நம் நாட்டில் 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து நாள்கள் தொடங்கின. கழகத்தார் அட்டைப் பந்தலிட்டு, பனிக்கட்டிப் பெட்டி சுமந்து, பிள்ளைகளின் விரலில் மையிட்ட காட்சியை நம் மாணவர் பலர் தம் மழலைப் பருவத்தில் கண்டிருப்பர். அவ்விரல் அவர்தம் விரலாகவே இருந்திருக்கும்.

இப்பணி நேர்கோட்டில் சென்றதன்று. உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், சொட்டு மருந்து நம் பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி முஸ்லிம் குடும்பங்களிடையே பரவியது. கதவுகள் அடைக்கப்பட்டன. அடைத்தவரை அறியாதவர் என ஏசிப் பயனில்லை. கழிவுநீர்க் கால்வாயையும் சாலையையும் பள்ளியையும் கண்டிராத தெருவுக்கு மாதந்தோறும் சொட்டு மருந்து மட்டும் தவறாமல் வந்தால் ஐயம் எழத்தானே செய்யும்? ரோட்டரியார் அங்கு உலமாக்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. அடைத்த கதவுகளைத் திறக்க வைத்தவருள் பெரும்பாலோர் வீட்டினுள் சென்று தாய்மாரோடு பேசவல்ல பெண் ஊழியர்கள். 2009இல் 741 குழந்தைகள் நோயுற்ற இந்தியாவில் 2010இல் அவ்வெண்ணிக்கை 42 ஆயிற்று. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோவற்றதெனச் சான்று பெற்றது.

1985 முதல் 2011 வரை 26 ஆண்டுகள். இந்நாட்டுக் கழகம் ஒவ்வொன்றிலும் அதற்குள் எத்தனை தலைவர் வந்து போயிருப்பர்! அது வேறு தலைவர் காலத்துத் திட்டம் என்று அவர்களும் ஒதுக்கியிருந்தால்? இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், தடுப்பு மருந்து நாள்களிலேனும் துப்பாக்கி ஓய வேண்டுமென யூனிசெஃபுடன் சேர்ந்து பேச்சு நடத்தி வென்ற குழுவின் தலைவர் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். இரவீந்திரன். அவர் பின்னர் 2015-16இல் உலகத் தலைவரானார். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆகவே பணியும் ஓயவில்லை.

இனி நம் பக்கம் சற்றுத் திரும்புவோம், பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக. வக்ஃபு என்னும் அறக்கட்டளை முறை, மூலப்பொருள் குறையாமல் நிலைக்க, அதன் பயன் மட்டும் மக்களுக்குப் பாய வேண்டுமென வகுக்கப்பட்டது. தொட்டி கட்டுவதோடு அதற்குக் குழாய் மாற்றவும் வழிசெய்து வைக்கும் கொடை அது. பைத்துல்மால் வழியாக ஏழைப் பெண்டிர் திருமணத்துக்கும் மாணவர் கல்விக்கும் நம் ஊர்கள் ஓசையின்றிச் செய்துவரும் உதவி பெரிது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்திருந்ததையும், நம் இளைஞர் மார்பளவு நீரில் உணவு சுமந்ததையும் நாடறியும். ஆயினும் சில ஊர்களில் ஜமாஅத் பொறுப்போ தொண்டமைப்பின் பொறுப்போ ஒருவர் கையிலேயே இருபதாண்டு, முப்பதாண்டு தங்கிவிடுகிறது. வெள்ளத்தில் இறங்கிய இளைஞருக்குச் செயற்குழுவில் ஓர் இருக்கை இல்லை. அங்கே ஓராண்டில் ஓடிவிடும் தலைமை. இங்கே ஒரு தலைமுறையாகியும் எழாத தலைமை. முன்னதில் பணி தொடர்வதில்லை, பின்னதில் ஆள் வளர்வதில்லை. எது பெருங்கேடு எனக் கேட்டால் பின்னதே என்பேன். பணி நின்றுபோனால் மீண்டும் தொடங்கலாம், ஆளின்றி எதனைத் தொடங்குவது?

பெண்கள் நிலையும் ஈண்டுச் சொல்லத்தக்கது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த பின்னரே ரோட்டரி தன் விதியைத் திருத்தி, 1989இல் உலகெங்கும் பெண்களுக்குக் கதவு திறந்தது. முதற்பெண் உலகத் தலைவராகக் கனடா நாட்டு ஜெனிபர் ஜோன்ஸ் பொறுப்பேற்றது 2022இல். அவர்கள் அத்துணைக் காலம் தாழ்த்தினர் என நகைப்பதற்கு முன், நம் செயற்குழுக்களில் எத்தனை பெண்கள் என எண்ணிப் பார்த்துவிட்டு நகைப்போம்.

பொத்தேரிக் கழகத்தார்க்கும், அவர்போன்ற பிறர்க்கும், நான் வேண்டுவன மிகச் சில. முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர், அடுத்த தலைவர் மூவரும் கையொப்பமிட்ட ஒரு பணியேனும் மூன்றாண்டுகளுக்குத் தொடரட்டும். ஜூலை முதற் கூட்டத்தில் புதிய திட்டங்களைப் படிக்குமுன், முன் ஐந்தாண்டுகளில் நட்ட மரங்களும் கட்டிய தொட்டிகளும் எந்நிலையில் உள்ளன என்பதைச் சென்று கண்டுவந்த உறுப்பினர் ஒருவர் படிக்கட்டும். திரட்டும் பொருளில் பத்தில் ஒன்றைப் பழுது பார்ப்பதற்கென ஒதுக்கட்டும். இருநூறு கன்று நட்டோம் என்பது செய்தி. அவற்றுள் எத்தனை பிழைத்தன என்பதே கணக்கு. உத்திரமேரூர்ச் சபையார் இதனையே கேட்டிருப்பர்.

நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்கின்றனர். அவர்களும் மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். அவர்கள் தூர்வாரிய குளம் எது, எண்ணெழுத்துக் கற்பித்த தெரு எது என்பது அடுத்த அணிக்குத் தெரிவதில்லை. ஆகவே தமிழ்த்துறையில் பணிப்பதிவேடு ஒன்றை இவ்வாண்டு தொடங்கியுள்ளோம். முதல் பக்கத்தை இரண்டாமாண்டு மாணவியர் இருவர் எழுதியுள்ளனர். பொத்தேரியில் சாலையோரத் தொட்டிகள் எத்தனை, அவற்றுள் நீர் வருவன எத்தனை என்று எண்ணி வந்து எழுதிய பக்கம் அது.

விழா முடிந்து ஒரு வாரத்துக்குப்பின், பழைய தொட்டிக்குக் குழாய் மாட்டித் தூய்மை செய்தாலே போதும், புதிய தொட்டிக்கான பொருள் மிச்சமாகும் எனக் கழகத்தார்க்கு மடல் ஒன்று வரைந்தேன். மிக மரியாதையாக மறுமொழி வந்தது. இவ்வாண்டுத் திட்டங்கள் அச்சாகிவிட்டனவாம். என் கருத்தை அடுத்த தலைவரின் பார்வைக்கு வைப்பார்களாம். அடுத்த தலைவர் யாரென விசாரித்தேன். எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர்தாம். மடலின் படியொன்றை அவரிடம் நேரில் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, குழாய் என்ன விலையிருக்கும் என்று கேட்டார்.