கல்லாய்ப் போன கொடி எங்கே?

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் சித்தி வீட்டு வேப்பமரத்தில் சீந்தில் கொடி ஏறிக் கிடக்கிறது. போன வாரம் அதன் முற்றிய தண்டில் ஒரு துண்டை வெட்டினேன். வெட்டிய முகத்தைப் பார்த்தால், மாட்டுவண்டிச் சக்கரம்! நடுவிலிருந்து ஆரக்கால்கள் ஓடுகின்றன. இடையிடையே ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள். ஒரு வேப்பங்குச்சியையும் வெட்டிப் பார்த்தேன். இறுக்கமான கட்டை, கண்ணுக்கு ஓட்டையே தெரியவில்லை.

மரம் தன் பாரத்தைத் தானே தாங்கியாக வேண்டும். கொடிக்கு அந்தக் கவலை இல்லை, தாங்குவதற்குத்தான் மரம் இருக்கிறதே! ஆனால் விரல் பருமன் தண்டு வழியாக உச்சி இலைவரை தண்ணீர் போக வேண்டும். அதனால் குழாய்கள் பெரிதாகின்றன. குழாயின் விட்டம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு தண்ணீர் ஓடும். பெரிய குழாயைக் காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டால் சமாளிக்கப் பக்கத்திலேயே பொடிக் குழாய்களும் உண்டு. அந்த ஆரக்கால்கள் மென்மையான திசு. கொடி முறுக்கிக்கொண்டாலும் உடையாமல் வளைந்து கொடுப்பது அதனால்தான்.

தண்டு கல்லாகிப் போனாலும் இந்த அமைப்பு அதில் பதிந்திருக்கும். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும்படி செய்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பனாமா கால்வாய்ப் பகுதியில் கிடைத்த, சுமார் 1.85 கோடி ஆண்டுப் பழைய வேர்கள் ஒரு கொடியுடையவை என்று 2021-ல் கண்டுபிடித்தது இப்படித்தான். ஆம்பெலோரைசா என்று பெயர் வைத்தார்கள். நாம் தோசை மாவில் அரைத்துப் போடும் முடக்கத்தானுக்கு அது தூரத்துச் சொந்தம்! ஓட்டை பெரிதாக இருப்பதால் மட்டும் கொடி என்று சொல்லிவிட முடியாது. மரத்தின் வேரிலும் பெரிய ஓட்டைகள் இருக்கும். எல்லா அடையாளங்களும் ஒத்துவர வேண்டும்.

எங்கள் கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிறது. போனால் கண்ணில் படுவதெல்லாம் அடிமரங்களே. கிளை இல்லை, இலை இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் என்கிறார்கள். அந்த வெள்ளத்தில் மெல்லிய கொடி என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் நசுங்கி, அழுகிப் போயிருக்கும். தப்பியது ஏதாவது இருந்தால் அது விரல் நீளச் சில்லாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு சில்லைத்தான் பள்ளிச் சுற்றுலாவில் நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள், படித்துவிட்டுத்தான் எடுத்தேன். அதன் ஒரு முனையில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது.

சீந்திலை வெட்டிய அன்று ராத்திரி அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"ஆட்டுக்கல் ஆடாம இருக்க அடியில ஒண்ணு சொருகி வெச்சிருந்தோமே, அதுவா? பழைய வீட்டை இடிச்சப்ப மண்ணோட போயிருக்கும்டா" என்றார்.