‘அப்படித்தான் இருப்பான்’ என்றால் என்ன அர்த்தம்?

பிள்ளைக்கு மரபணுக் கோளாறு என்று ஒரு பெயர் தெரிந்துவிட்டால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். டாக்டர்களில் சிலரும் அப்படியே நினைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

ஃப்ரஜைல் எக்ஸ் என்று ஒரு கோளாறு, அரிதானது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவில் ஒரு சின்னத் துண்டு 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மரபணு வேலை செய்யாது. 1991-இல் கண்டுபிடித்தார்கள். அறிவு வளர்ச்சி குறையும். ஆண் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்திருக்கும். (தாய் வழி என்றதும் மருமகளை ஏசக் கிளம்பாதீர்கள். எந்தக் குறையும் வெளியே தெரியாத அவள் அப்பாவிடமிருந்தும் அவளுக்கு வந்திருக்கலாம்.)

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். “முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறான், கையை உதறிக்கிட்டே இருக்கான், மிக்சி போட்டா காதைப் பொத்திக்கிட்டு அலறுறான்” என்று அவன் அம்மா சொன்னதற்கு ஒரு மருத்துவர் சொன்ன பதில்: “அந்தக் கோளாறு உள்ள பிள்ளைங்க அப்படித்தாம்மா இருக்கும்.” கீரமங்கலத்தில் விடிவதற்குள் பூப்பறித்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனவளுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

சர்க்கரை உள்ளவருக்குக் கண் மங்கினால் ‘சர்க்கரைக்காரருக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோமா? மதுரை அரவிந்துக்கு ஓடுகிறோமே!

மரபணுவை மாற்ற இன்று வழியில்லை. ஆனால் ஆட்டிசத்துக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று படம் காட்டிச் சொல்லலாம். சத்தத்தைக் குறைக்கலாம். பேச்சு வராவிட்டாலும் வேண்டியதைக் கேட்கப் பழக்கலாம். அதேசமயம், இந்தக் கோளாறு உள்ள எல்லோருக்கும் ஆட்டிசம் கிடையாது. சில பிள்ளைகள் ஆள் பழகப் பிரியப்படும், கூச்சத்திலும் பதற்றத்திலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து முறையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலே இருக்கிறது.

1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான், ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் 21. ஆட்டிசம் தனியாகவே உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடும் உண்டு. எனவே அப்பத்தா, தாத்தாமார்களே, பேரனோடு போகும்போது அவன் செய்வதை செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். “ஆட்டிசத்துக்குப் பார்த்தீங்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பார்க்காமலே அறிவுக்குறை மட்டும் எழுதிச் சான்றிதழ் நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.