சாயத் தண்ணீரும் கேன்சர் பயமும்: செல்லையே சாட்சி சொல்லவைக்கும் ஆன்டிபாடி

"சாயத் தண்ணியால கேன்சர் வருமா?" மூலனூர் முதல் திருப்பூர் வரை, பனியன் தொழில் வட்டாரத்தில் இது பழைய கேள்வி. "வரும்" என்று ஒரு தரப்பு, "ஆதாரம் எங்கே?" என்று இன்னொரு தரப்பு. பேச்சு அதோடு நின்றுபோகிறது.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை 1895-லேயே ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரென் பதிவு செய்தார். பென்சிடின் என்ற ரசாயனம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பின்னாளில் உறுதியானது. பென்சிடின் சார்ந்த சாயங்களுக்கு இந்தியாவும் 1990-களில் தடை போட்டது. நொய்யல் மாசு வழக்கில், 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

ஆனால் கழிவுநீர் என்றதும் இன்றும் பேசப்படுவது டிடிஎஸ், பிஓடி, சிஓடி எண்கள்தான். உப்பு எவ்வளவு, ஆக்சிஜனை உறிஞ்சும் கழிவு எவ்வளவு என்பதை அவை சொல்லும். அந்தத் தண்ணீர் பட்ட செல்லில் டிஎன்ஏ அடிபட்டதா என்பதைச் சொல்லாது. அதைச் செல்லிடமே கேட்க வேண்டும்.

யார் இந்த பி53?

1979-ல் கண்டறியப்பட்ட பி53, புற்றுக்கட்டியைத் தடுக்கும் புரதம். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும். சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே அழியவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கிறது.

சாதாரண நேரத்தில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் இதை உடனுக்குடன் அழிக்க அனுப்பிவிடும். டிஎன்ஏ உடைந்தால், ஏடிஎம் என்ற நொதி (பேங்க் ஏடிஎம் இல்லை!) பி53-ன் 15-ஆவது இடத்திலுள்ள செரின் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அழிவிலிருந்து தப்பி பி53 வேலையில் இறங்குவதற்கான அடையாளங்களில் இது முக்கியமானது.

ஆன்டிபாடி என்ன செய்யும்?

பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனை நினைத்துக்கொள்ளலாம். மேசையில் எத்தனை பீஸ் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. எத்தனை பீஸில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பது வேறு கணக்கு. சாதாரண ஆன்டிபாடி பீஸை எண்ணும். பாஸ்போ ஆன்டிபாடி, ஸ்டிக்கர் ஒட்டிய பீஸை மட்டும் பிடிக்கும்.

தயாரிப்பு முறையும் சுவாரசியமானது. பாஸ்பேட் ஒட்டிய சிறு புரதத் துண்டைப் பெரும்பாலும் முயலுக்குச் செலுத்துகிறார்கள். முயலின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளில், பாஸ்பேட் இல்லாத துண்டிலும் ஒட்டுபவற்றைக் கழித்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பதுதான் கருவி.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் முடிவா?

அவசரப்படக் கூடாது. ஆர்பி என்ற இன்னொரு தடுப்புப் புரதத்தில் கதை தலைகீழ்: அங்கே பாஸ்பேட் ஏறினால் பிரேக் விட்டுப்போகிறது, செல் பிரியத் தொடங்குகிறது. எந்தப் புரதம், எந்த இடம் என்பது தெரியாமல் ஸ்டிக்கருக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

சோதனையிலும் கவனம் வேண்டும். செல்லை உடைத்ததும் பாஸ்பேட்டைப் பிய்க்கும் நொதிகளைத் தடுக்காவிட்டால் அடையாளம் காணாமல் போகும். மொத்த பி53 அளவையும் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். பாஸ்பேட்டை வேண்டுமென்றே நீக்கிய மாதிரியிலும் ஆன்டிபாடி 'இருக்கிறது' என்றால், அந்த ஆன்டிபாடியையே நம்ப முடியாது.

இன்னொன்று: பி53-ல் பாஸ்பேட் ஏறியது என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காவல்காரன் விழித்துக்கொண்டான், அவ்வளவுதான். எதைக் கண்டு விழித்தான் என்று தேட வேண்டியது அடுத்த வேலை.

இப்போது என்ன தேவை?

இது ஆய்வகக் கருவி. ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் அல்ல. ஆனால் சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை, பழுதில்லாத பி53 உள்ள செல்களில் விட்டு, எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே இருக்கும் மரபணுச் சேதச் சோதனைகளோடு சேர்த்தால் கிடைக்கும் விடைக்கு எடை கூடும்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பல்கலைக்கழக ஆய்வகங்களும் கைகோத்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். சேதம் இருந்தால், நோய் வரும்வரை காத்திருக்காமல் தடுக்கலாம். இல்லையென்றால், இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் வீண்பயம் தீரும். இரண்டில் எது என்றாலும் அது வாட்ஸ்அப் வதந்தியாக இல்லாமல் ஆதாரத்தோடு வரட்டும்.